ஊர்க் காரின் வெள்ளோட்டம்

கிளிஞ்சல்மேட்டு ஊர்க் காரின் மானம் கப்பலேறியது சித்திரை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை.

பஞ்சாயத்தார் ஐந்து வருஷத்துக்கு முன்னால் பழையதாகப் பார்த்து வாங்கிய டீசல் கார் அது. எட்டுப் பேர் உட்காரலாம். பிரசவம், காய்ச்சல், நெஞ்சுவலி என்று யாருக்கு எது வந்தாலும் ஓடுவதற்காக ஊர்ப் பொதுவில் வாங்கியது. மற்ற நேரத்தில் சும்மா நிற்பானேன் என்று, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்கள் ஆறு பேரைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வரும் வேலையையும் அதன் தலையில் கட்டியிருந்தார்கள். டிரைவர் கவியரசன். அந்த வியாழக்கிழமை அவன் ஏற்றிக்கொண்டு போனது தன் சொந்த மனைவி அமுதத்தை. அவளுக்கு வலி எடுத்துவிட்டது. மாதாமாதம் அவளைப் பார்த்த டாக்டர் நாகப்பட்டினத்தில் இருந்தார்.

அரசலாற்றுப் பாலத்தில் ஏறும்போது காருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அந்தப் பாலத்தை ஏற்றம் என்று சொன்னால் மலைநாட்டுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் டெல்டாக்காரர்களுக்கு மலை என்று இருப்பதே அதுதான். கவியரசன் இரண்டாம் கியருக்கு வந்தான், பிறகு முதல் கியருக்கு வந்தான். பின்னால் தார் காய்ச்சுவதுபோல் கரும்புகை எழுந்ததே தவிர முன்னால் எதுவும் நகர்வதாகத் தெரியவில்லை. கோழிக்கூண்டுகளை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டு அவர்களைத் தாண்டிப் போனது. அமுதம் பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் வேணா எறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. ஆனால் குழந்தை ஊர் வந்து சேர்வதற்கு மூன்று நாள் முன்னாலேயே அமுதத்தின் கேள்வி ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

மீன்பிடித் தடைக்காலம் வேறு. அறுபத்தொரு நாள் படகெல்லாம் கரையில் கிடக்க, ஆண்களெல்லாம் வலை பொத்துகிற நேரம் போக மிச்ச நேரத்தை எதில் தள்ளுவது என்று தெரியாமல் இருந்தார்கள். காருக்கு நாற்பது வைத்தியர்கள் கிடைத்துவிட்டார்கள். ஒருவன் டயரை உதைத்துப் பார்த்தான். ஒருவன் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னான். கடைசியில் பஞ்சாயத்து கூடி, காரை விற்றுவிடலாம், திங்கட்கிழமை நாகப்பட்டினத்துத் தரகரை வரச் சொல்லலாம் என்று முடிவெடுக்கிற கட்டத்துக்கு வந்தது. புதுக் கார் வாங்கும்வரை ஊருக்கு வண்டி கிடையாது. அது எப்போது வாங்கப்படும் என்பதை யாரும் பேசவில்லை.

அப்போதுதான் வேப்பமரத்துக்கு அப்பால் பெண்கள் நிற்கும் இடத்திலிருந்து மலர்க்கொடி பேசினாள்.

"தலைவரே, விக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தவணை குடுங்க. நான் பாக்குறேன்."

மலர்க்கொடி கவியரசனின் தங்கை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவள். ஒன்பது வருஷமாகக் கீழவாஞ்சூர் துறைமுகத்துப் பணிமனையில் நிலக்கரி அள்ளும் லோடர் வண்டிகளின் இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவள். அங்கே வடநாட்டு இன்ஜினியர் முதல் லாரி டிரைவர் வரை அவளை 'மலர் மேடம்' என்பார்கள். வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டால் அவள் கவியரசன் தங்கச்சி, அவ்வளவுதான். படகில் பெண் கால் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். கால் வைக்கக் கூடாதென்றால் இன்ஜினில் கையும் வைக்கக் கூடாது என்று ஊரார் தாங்களாகவே ஒரு கை சேர்த்துக்கொண்டார்கள். இருநூறு இன்ஜின் இருக்கும் ஊரில் பிறந்துவிட்டு, ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் அவள் முப்பத்திரண்டு வயதைத் தாண்டிவிட்டாள். வெளியூரில் கிடைக்கிற பேர் சொந்த ஊரில் கிடைக்காவிட்டால் எவ்வளவு வலிக்கும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் யாருக்குப் புரியும்?

தலைவர் தியாகராசன் தொண்டையைச் செருமினார். "ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல மலரு."

"கார் படகு இல்லியே தலைவரே. தெனமும் அதுலதான் ஏறி எறங்குறேன். காலு வெக்கலாம், கை வெக்கக் கூடாதா?"

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. ஆண்கள் எல்லாரும் வைத்திலிங்கத்தைப் பார்த்தார்கள். ஊரின் படகு மெக்கானிக் அவர். முப்பது வருஷமாகக் கிளிஞ்சல்மேட்டு இன்ஜின்களெல்லாம் அவர் கையால்தான் உயிர் பெற்று வருகின்றன. காரையும் அவர்தான் பார்த்திருந்தார். அவர் பார்த்த காரை இன்னொருவர் பார்ப்பதென்றால் அது அவர் கன்னத்தில் அறைகிற மாதிரி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரியாகலேன்னா?" என்று கேட்டார் தலைவர்.

மலர்க்கொடிக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. "சரியாகலேன்னா இந்த ஊருக்குள்ள இனிமே இன்ஜினப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டயம் குடுங்க, போதும்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. ஊர்ச் சபையில் சொன்ன வார்த்தை. மீறினால் நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போவது?

புதன்கிழமை முதல் துறைமுகத்தில் லீவு சொல்லிவிட்டாள். வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் காரை நிறுத்தி பானெட்டைத் திறந்ததுமே சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. முதலில் காற்று வடிகட்டி இருக்கும் டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"அண்ணே, இதுக்குள்ள இருந்த ஃபில்டர் எங்க?"

"வைத்திலிங்கம் மாமா எடுத்துட்டாரு. போன வருஷமே. 'கடல்ல ஏதுடா தூசி, இது சும்மா காத்த அடைக்குது'ன்னாரு. எடுத்ததும் கொஞ்ச நாளு நல்லாத்தான் இழுத்துச்சு."

மலர்க்கொடி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். கடலில் தூசி கிடையாது, உண்மைதான். படகு இன்ஜினுக்கு ஒரு கம்பிவலை போதும். ஆனால் இந்தக் கார் தினமும் இரண்டு வேளை நிலக்கரி லாரிகளுக்கு நடுவில் கீழவாஞ்சூர் போய் வருகிறது. ஒரு வருஷமாக அது காற்றோடு கரியையும் சேர்த்துத் தின்றிருக்கிறது!

இன்னும் பார்க்கப் பார்க்க வைத்திலிங்கத்தின் கைத்தடம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தண்ணீர் தடையில்லாமல் ஓடட்டும் என்று தெர்மாஸ்டாட் வால்வைக் கழற்றியிருந்தார். படகில் அப்படித்தான் செய்வார்கள். காரிலோ அதனால் இன்ஜின் சூடேறாமலே ஓடிக்கொண்டிருந்தது. இழுவை போதவில்லை என்று டீசல் பம்பின் திருகைக் கூட்டி வைத்திருந்தார். படகுக்காரர்களுக்குக் கரும்புகை என்றால் பலம். எந்தப் படகு அதிகமாகக் கக்குகிறதோ அதுதான் ஆம்பளை. ஒவ்வொன்றும் கடலில் சரியான வைத்தியம்தான். நோயாளிதான் கரையில் இருந்தார்.

இழுவை என்பது டீசலை ஊற்றி வருவதில்லை என்பதை மலர்க்கொடி ஒன்பது வருஷத்தில் கற்றிருந்தாள். இன்ஜின் எவ்வளவு காற்றை விழுங்குகிறதோ அவ்வளவு டீசலைத்தான் அதனால் எரிக்க முடியும். மிச்சமெல்லாம் புகை. இந்தக் காரில் வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுழன்று, உள்ளே காற்றைத் திணிக்கும் டர்போ இருக்கிறது. திணித்த காற்றைக் குளிர வைக்க முன்னால் ஒரு கூலர் இருக்கிறது. அந்தக் கூலரைக் கழற்றி மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தாள். கருவாட்டுக் குழம்பு மாதிரி கெட்டியாகக் கரிச்சேறு வந்தது. ஆறு தடவை கழுவியும் வந்துகொண்டே இருந்தது. டர்போவின் இறகுகளைப் பழைய பல்துலக்கியால் துடைத்தாள். டர்போவிலிருந்து கூலருக்குப் போகும் ரப்பர்க் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவி, பஞ்சர் கடையிலிருந்து இரவல் வாங்கிய காற்றை ஏற்றியபோது அடிப்பக்கம் நுரை பொங்கியது. விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். புதுக் குழாய், புது ஃபில்டர், புது வால்வு எல்லாவற்றையும் வாங்கி மாட்டினாள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டு, அங்கே எவ்வளவு காற்று சீறுகிறது என்று உள்ளங்கையால் பார்த்தாள். காற்றை அடைத்துப் பிடிக்கும் பிஸ்டன் ரிங் தேய ஆரம்பித்திருந்தது. ஆனால் இன்னும் கைவிடவில்லை. அப்பாடா என்றிருந்தது.

கடைசியாக, எல்லார் கண்ணெதிரேயும் பம்பின் திருகைக் கம்பெனியார் பெயின்ட் வைத்திருந்த பழைய அடையாளத்துக்கே திருப்பினாள்.

கூட்டம் பதறிவிட்டது. "அடியே, டீசலக் கொறைக்கிறா பாருங்கடா! இருக்குறதுக்கே இழுக்கல, கொறைச்சா எங்கேருந்து இழுக்கும்?"

வைத்திலிங்கம் தூரத்தில் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிட்டே வரவே இல்லை.

சனிக்கிழமை மாலை அண்ணனும் தங்கையும் மட்டும் காரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார்கள். புகை துளியும் இல்லை. இழுவையும்தான். பாலத்தில் முன்னைவிட மோசமாகத் திணறியது. கவியரசன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். ஊருக்குள் நுழையும்போது யாரோ, "தரகர சீக்கிரமா வரச் சொல்லுங்கப்பா," என்றான்.

அன்றைக்கு மலர்க்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. அமுதம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "நீ என்னமோ காத்துன்னு சொல்றியே, காத்து வருதா வரலியா?" என்று கேட்டாள்.

"வருது அண்ணி. நல்லா வருது."

"டீசல்?"

"அதான் அளவா வருது."

"காத்து ஜாஸ்தியா வந்துருக்குன்னு அந்த டீசலுக்கு யாரு போயி சொல்லுவா?"

அமுதம் விளையாட்டாகத்தான் கேட்டாள். மலர்க்கொடி பாயில் தலையைச் சாய்த்தாள். தூங்கினாளோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவள் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள். டர்போ காற்றைத் திணிக்கும்போது, "காற்று வந்துவிட்டது, நீயும் டீசலைக் கூட்டிக் கொடு" என்று பம்புக்குச் சொல்ல ஒரு வழி உண்டு. சுண்டுவிரலைவிடச் சன்னமான ஒரு ரப்பர்க் குழாய். அது பம்பின் தலையில் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தது. அதனால்தான் நான்கு நாளும் அவள் அதைத் தாண்டிப் போயிருந்தாள். பிடுங்கி வாயில் வைத்து ஊதினாள். காற்று போகவில்லை.

மெல்லிய கம்பியை விட்டு நோண்டியதும் உள்ளிருந்து ஒரு ரப்பர்த் துண்டு வெளியே வந்தது. நீலச் செருப்பின் வாரிலிருந்து வெட்டி, வட்டமாகச் சீவி, இம்மியும் கசியாதபடி திணித்தது. அவ்வளவு நேர்த்தியாக வெட்டும் கை ஊரில் ஒன்றுதான் உண்டு. படகு இன்ஜினில் டர்போவும் கிடையாது, இந்தக் குழாயும் கிடையாது. வேண்டாத ஓட்டை, எண்ணெய் கசியப் போகிறது என்று நினைத்து அடைத்திருக்கிறார். அதற்குப் பிறகு பம்புக்குச் செய்தி போகவில்லை, இழுவை குறைந்தது. அதைச் சரிகட்டத் திருகைக் கூட்டினார், புகை வந்தது. எல்லாக் கதையும் அந்தச் செருப்புத் துண்டிலிருந்துதான் ஆரம்பித்திருந்தது.

மலர்க்கொடி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஊரைக் கூட்டிக் காட்டினால் போதும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவள் பேர் தப்பிவிடும். ஆனால் அதற்குப் பிறகு வைத்திலிங்கம் கடற்கரையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. புயலில் மாட்டிய எத்தனையோ பேரைக் கரை சேர்த்தவை அவர் மாட்டிய இன்ஜின்கள். அவள் அப்பாவும் அவர்களில் ஒருவர். துண்டைக் குப்பைமேட்டில் வீசிவிட்டுக் குழாயை மாட்டினாள். பாலத்துக்குப் போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வர நேரமில்லை. ஊர் திரண்டு வந்துவிட்டது.

படகு இன்ஜினைப் பிரித்து மாட்டினால் கிளிஞ்சல்மேட்டில் வெள்ளோட்டம் விடுவார்கள். அதே முறையில்தான் காருக்கும் செய்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சூடம் கொளுத்தினார்கள். பாரம் ஏற்றாமல் வெள்ளோட்டமா என்று, ஊரிலேயே கனமான ஆட்களாகப் பொறுக்கி ஆறு பேரைப் பின்னால் ஏற்றினார்கள். போதாததற்குப் பனிக்கட்டி நிரப்பிய இரண்டு பெட்டிகளையும் உள்ளே திணித்தார்கள். காரின் பின்பக்கம் தரையைத் தொட்டுவிடும்போல் இறங்கிவிட்டது. தலைவர் தியாகராசன் முன்னிருக்கைக் கதவைத் திறந்தார்.

"அது மெக்கானிக்கு சீட்டு," என்றார் அந்த ஆறு பேரில் ஒருவராகப் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த வைத்திலிங்கம். அவர் அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "செஞ்ச ஆளு ஏறாம வெள்ளோட்டம் கெடையாது. நடுவுல நின்னுட்டா யாரு பாக்குறது?"

தலைவர் கதவைப் பிடித்தபடி யோசித்தார். பிறகு முனகிக்கொண்டே பின்னால் போய்ப் பனிக்கட்டிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். மலர்க்கொடி முன்னால் ஏறினாள்.

கார் கிளம்பியது. பின்னாலிருந்தவர்கள் எல்லாரும் கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் புகையைத் தேடினார்கள். "பொகையே காணோமே. இன்ஜின் ஓடுதா, இல்ல எறக்கத்துல உருளுதா?" என்றார் ஒருவர். மலர்க்கொடி காதை மட்டும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டர்போவின் சன்னமான சீழ்க்கை கேட்கிறதா? ஊர் எல்லை தாண்டியதும் கேட்டது.

பாலம் வந்தது. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. கவியரசன் பழக்கத்தில் கியரைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனான். "வேணாண்ணே," என்று அவன் கையைத் தட்டிவிட்டாள். "மூணுலயே மிதி."

மிதித்தான். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கார் முன்னங்காலைத் தூக்கியதுபோல் எழும்பியது. பின்னாலிருந்த ஆறு பேரும் இருக்கையோடு ஒட்டிக்கொண்டார்கள். பனிக்கட்டிப் பெட்டி தலைவரையும் சேர்த்துக்கொண்டு பின்னுக்கு வழுக்கியது. "யம்மாடி!" என்றார் அவர். எதிரே வண்டி இல்லை. கார் லாரியைத் தாண்டிப் பாலத்தின் உச்சியில் ஏறி, அரசலாற்றைக் கடந்து, மறுபக்கம் இறங்கியது. கவியரசன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். மலர்க்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. பெருமையில் வருகிற கண்ணீரை எதற்கு மறைக்க வேண்டும்?

ஊர் திரும்பியதும் காரைச் சுற்றி ஒரே சத்தம். தரகருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னார்கள். "என்னதான் கோளாறு இருந்துச்சு மலரு?" என்று கேட்டார் தலைவர், இடுப்பைத் தேய்த்துக்கொண்டே.

"கரித்தூசி தலைவரே. போர்ட் ரோட்டுல ஓடுற வண்டிக்கு வர்றதுதான்."

"பொய் சொல்லாத புள்ள," என்றார் வைத்திலிங்கம்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். "பம்புக்குப் போற குழாயில செருப்புத் துண்டு இருந்துச்சா, இல்லியா?"

மலர்க்கொடி தயங்கினாள். "இருந்துச்சு மாமா."

"வெச்சது நான்தான். நேத்து சாயங்காலம் வண்டி திரும்பி வந்தப்பவே நெனச்சேன், அதுவாத்தான் இருக்கும்னு. வந்து சொல்ல வீம்பு விடல." சொல்லும்போது அவர் தலை குனியவில்லை. "தலைவரே, தடை முடியறதுக்குள்ள நான் பதினோரு இன்ஜினப் பிரிச்சு மாட்டணும். எனக்குக் கூட ஒரு மெக்கானிக்கு வேணும். இவளக் கேக்குறேன்."

"பொம்பளைய எப்படி..." என்று யாரோ ஆரம்பித்தான்.

"இன்ஜினு கரையில எறக்கிதான் கெடக்கு. படகுல ஏறுனாத்தானே வழக்கம்?" என்றார் வைத்திலிங்கம்.

அதோடு அந்தப் பேச்சு நல்லபடியாக முடிந்திருக்கும். ஒன்பது வருஷமாக அவள் ஆசைப்பட்ட வார்த்தை கிடைத்துவிட்டது. மெக்கானிக்கு என்று ஊர்ச் சபையில், வைத்திலிங்கம் வாயால். வேறு யாராவது இருந்தால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். மலர்க்கொடி கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வர்றேன் மாமா. போர்ட்ல எனக்கு வேல இருக்கு, ஞாயித்துக்கெழமையும் சாயங்காலமும்தான் வர முடியும். இன்னொண்ணு. நான் மாட்டுன இன்ஜின் கடல்ல எறங்குற அன்னைக்கு, வெள்ளோட்டத்துல நானும் ஏறுவேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வழக்கம் ஏறக் கூடாது என்கிறது. ஒரு வழக்கம் ஏறியே ஆக வேண்டும் என்கிறது. எதை விடுவது? வைத்திலிங்கம் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் தலைவர் தியாகராசன் எரிச்சலோடு கையை வீசினார்.

"ஏறாம பின்ன? நடுக்கடல்ல நின்னுச்சுன்னா நீந்திப் போயி இவளக் கூட்டியாரச் சொல்றீங்களா?"